இரும்பு என்றுதான் சொன்னேன்

தூண்டில் இல்லை சார். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஏறும்போதே கண்டக்டர், "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு என்ன மீன்?" என்றார். துணி சுற்றி வைத்திருப்பதால் அப்படித் தெரிகிறது. காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், பஸ் குலுங்கினால் தட்டு உங்கள் முட்டியில் இடிக்கும். ஆமாம், நுனியில் வட்டமாக ஒரு தட்டு இருக்கிறது. அதுதான் இதற்கு உயிர். மணலுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் இதை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடக்கவேண்டும். அடியில் ஏதாவது உலோகம் கிடந்தால் காதில் சத்தம் வரும். மோதிரம், செயின், கொலுசு, கார்ச்சாவி என்று தொலைத்தவர்கள் கூப்பிடுவார்கள். நான் போய்த் தேடிக் கொடுப்பேன். அதுதான் தொழில்.

திருச்செந்தூர்க் கடற்கரையில் போய்ப் பலவேசம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, செவிட்டு மிஷினா?" என்பார்கள். செவிட்டு மிஷின்! பாதி வாழ்க்கை ரேடியோ ரிப்பேர் பார்த்த காது சார் இது. ஸ்பீக்கரில் எந்தக் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று கரகரப்பைக் கேட்டே சொல்லுவேன். அந்தக் காதுக்குக் கிடைத்த பட்டம் இது.

சிரிக்காதீர்கள். முதலில் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் பக்கத்து நியாயம் புரியும்.

மிஷின் வாங்கினவர்கள் எல்லோரும் தங்கம் எடுத்துவிட முடியாது. கடற்கரையில் நூறு சத்தம் வந்தால் தொண்ணூறு குப்பை. பந்தல்காரன் விட்டுப்போன ஆணி, பலூன் கடைக்காரன் அடித்த முளைக்கம்பி, சோடா மூடி, மொட்டை போட்ட இடத்துப் பாதி பிளேடு. எல்லாவற்றுக்கும் குனிந்தால் சாயங்காலம் இடுப்பு நிமிராது. எதற்குக் குனியவேண்டும், எதற்குக் குனியக்கூடாது என்று தெரிந்தவன்தான் தொழில்காரன்.

இரும்பு முரட்டுச் சத்தம் கொடுக்கும். தொண்டை கட்டினவன் கனைப்பதுபோல், டொர்ர் என்று. வெள்ளியும் செம்பும் மேலே போய்க் கீச்சென்று கூப்பிடும். தங்கம் இரண்டுக்கும் நடுவில், உருண்டையாக, மரியாதையாக ஒரு குரல். அதில் ஒரு வம்பு உண்டு. மாத்திரை அட்டைக்கும் அதே குரல்தான். அதனால் மாத்திரை அட்டைக்கெல்லாம் நான் குனிந்திருக்கிறேன். அதில் வெட்கமில்லை. குரல் ஒன்றாக இருந்தால் குனிந்துதான் ஆகவேண்டும்.

துருப்பிடித்த ஆணி இருக்கிறதே, அது பெரிய கள்ளன். வடக்குத் தெற்காக வீசினால் தங்கம் மாதிரியே பாடும். ஏமாந்துவிடக்கூடாது. அப்படியே கால் சுற்றுத் திரும்பி நின்று, அதே இடத்தில் கிழக்கு மேற்காக வீசவேண்டும். குரல் உடைந்துவிடும். நல்ல பொருள் எந்தப் பக்கம் நின்று கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லும். குப்பை ஆளுக்குத் தகுந்த மாதிரி பேச்சை மாற்றும். இவ்வளவுதான் வித்தை. இரும்பு என்று தெரிந்துவிட்டால் நான் கால் பெருவிரலால் மணலில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு நடந்துவிடுவேன். இரும்புக்கு நான் குனிவதில்லை. அது ஒரு கொள்கை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் பெண்சாதிக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். ஆனால் நீங்கள் திருநெல்வேலியில் இறங்கி மதுரைப் பஸ் பிடிக்கப் போகிறவர். உங்களிடம் சொன்னால் அது சொன்னதில் சேராது. சங்குக் கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், அவருக்குக் காது மந்தம். கேரளாவில் இருந்து வந்த ஒரு டிரைவரிடம் சொன்னேன், அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லமாட்டேன், ஊரையும் சொல்லமாட்டேன்.

போன ஆடியில், காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்திருந்தது. மகன் பைக்கில் இருந்து விழுந்து கால் ஒடிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். நடக்க ஆரம்பித்ததும் மொட்டை போடுகிறேன் என்று அவன் அம்மா நேர்ந்திருந்தார். மொட்டை போட்டாயிற்று, சந்தனம் தடவியாயிற்று, கடலில் குளித்தாயிற்று. குளித்து ஏறின மருமகள் மணலில் சேலை மாற்றியிருக்கிறாள். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் மறைப்புக்குச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மாற்றி முடித்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தால், தாலிச் செயின் இல்லை. கொக்கி விட்டுப்போயிருக்கிறது.

என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் போய் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"செயின் எத்தனை பவுன்? அதுல என்னென்ன கோத்திருந்துது?"

அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முன்னால் வந்துவிட்டார். நல்ல கணீரென்ற குரல்.

"செயின் ஏழு பவுன். தாலி, காசு, குண்டு, பவளம். அவ்வளவுதான். வேற ஒரு குன்றிமணி உலோகம் அதுல கிடையாது. தாலியில இரும்பு கிரும்பு மாட்டப்பிடாது, புருஷனுக்கு ஆகாதுன்னு கல்யாணத்தன்னைக்கே சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக் கட்டு அது."

"அது வந்து அண்ணாச்சி..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. தொலைச்சது போதாதா, பேச வேற செய்யணுமா?"

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போய்விட்டது சார். கேட்ட கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில். கஸ்டமர் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

அப்போதே எல்லோர் முன்னாலும் மருமகளிடம் சொல்லிவிட்டார். "மூணு மணிக்கு வேன் கெளம்பும். கிடைச்சா நம்ம வீட்டுக்கு வா. கிடைக்கலைன்னா போற வழியில உங்க அம்மா வீட்டுல இறங்கிக்கோ. வெறுங்கழுத்தோட என் வாசல்ல ஏறவேண்டாம்."

"பிள்ளை?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"பிள்ளை அது வீட்டுக்கு வரும்."

மூன்று வயசுப் பெண்பிள்ளை. மொட்டைத் தலை அப்பாவைப் பார்த்துப் பயந்து, அம்மா காலைக் கட்டிக்கொண்டு நின்றது. புருஷன்காரன் ஒடிந்த காலை மணலில் ஊன்ற முடியாமல், என் பக்கத்தில் வந்து நின்று மிஷினை வேடிக்கை பார்த்தான். அவன் கிட்டே வந்தாலே மிஷின் கத்துகிறது, காலில் கம்பி இருக்கிறதே! "தள்ளி நில்லுங்க மாப்பிள்ளை, எனக்கு உங்க கால்தான் கிடைக்குது" என்றேன். வேன் கூட்டமே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

தேட ஆரம்பித்தேன். சேலை மாற்றின இடம், ஏறி வந்த வழி, இரண்டையும் கயிறு கட்டிக் கட்டமாகப் பிரித்துக்கொண்டு வரிசையாக வீசினேன். அவள் என் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணாச்சி, இரும்புச் சத்தம் வந்தாலும் தோண்டிப் பார்ப்பீங்களா?"

நின்று, திரும்பி, உங்களிடம் சொன்னேனே, அதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். கனைப்பு, கீச்சு, நடுக்குரல், கால் சுற்றுத் திரும்பி நிற்பது, எல்லாம். பொறுமையாகச் சொன்னேன். தொழில் ரகசியம்தான், ஆனாலும் கஸ்டமர் கேட்கிறாளே.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "இல்ல அண்ணாச்சி, இரும்புச் சத்தம் வந்தா தோண்டுவீங்களா?" என்றாள்.

சில பேருக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது.

மாத்திரை அட்டை கிடைத்தது. ஒரு ஒற்றை மெட்டி கிடைத்தது, இவர்களுடையது இல்லை. இரும்பு நிறைய வந்தது, பெருக்கல் குறி போட்டுக்கொண்டே போனேன். சேலை மாற்றின இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சத்தம். டொர்ர். நல்ல முரட்டு இரும்பு. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, திரும்பி நின்று குறுக்கே வீசினேன். டொர்ர். நடுவில் எங்கோ, ஒரு கணம், உருண்டையாக ஒரு குரல் எட்டிப் பார்த்தமாதிரி இருந்தது. காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். குறி போட்டேன்.

"அண்ணாச்சி, இதைத் தோண்டுங்களேன்."

"தங்கச்சி, இது இரும்பு."

"இரும்பா இருந்தாலும் பரவாயில்ல."

"எனக்குப் பரவாயில்லையேம்மா!"

அவளே குனிந்து கையால் மணலைப் பறிக்கப் போனாள். தூரத்தில் இருந்து மாமியார் குரல் வந்தது. "அங்க என்ன மண்ணு அளையுத? தொழில் தெரிஞ்சவர் பாக்காருல்லா, விடு!"

அவள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். தொழிலுக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த அம்மா, நான்தான் சொன்னேனே.

மத்தியானம் என் வீட்டுக்காரி சோற்றுவாளியோடு வந்தாள். செல்லக்கனி என்று பேர். வந்தவள் சோற்றைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏ தாயி, உள்பாவாடை ஈரம் சொட்டுதே. வா, மாத்திவிடுதேன்" என்று கையைப் பிடித்து இளநீர்க் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கோபம். தேடிக்கொண்டிருக்கும்போது கஸ்டமரை இப்படிக் கூட்டிக்கொண்டு போகலாமா? பேச்சும் அழுகையுமாக வெகுநேரம். திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது, ஆனால் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

செல்லக்கனி என்னிடம் வந்து, "எங்கெல்லாம் இரும்புன்னு சொன்னீங்க?" என்றாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

"குறி போட்டிருக்கேன் பாரு. அத்தனையும் இரும்பு. உனக்கு எதுக்கு?"

அவள் என் சல்லடை மண்வெட்டியை எடுத்தாள். முதல் குறியில் தோண்டினாள். முளைக்கம்பி. "சொன்னேன்ல?" என்றேன். அடுத்தது சோடா மூடி. "சொன்னேன்ல?" அடுத்தது பாதி பிளேடு. "கையை வெட்டிக்காத. சொன்னேன்ல?" கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொரு தடவையும் என் பேர் ஏறிக்கொண்டே போனது சார். வேன் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தூக்குவாளி, பை எல்லாம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். மாமியார் பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

செல்லக்கனி அந்தச் சேலை மாற்றின இடத்துக் குறிக்கு வந்தாள். தோண்டினாள். சல்லடையை ஆட்டினாள். சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். எதையோ முந்தானையில் வாரிக்கொண்டு, "ஒரே மணலா இருக்கு, கழுவிட்டு வாரேன்" என்று கடலுக்குள் முட்டளவு இறங்கினாள். அங்கேயே நின்றாள். என்ன கழுவுகிறாளோ, அவ்வளவு நேரம். திரும்பி வரும்போது கையில் செயின் தொங்கியது. தாலி, காசு, குண்டு, பவளம். வெயிலில் தகதகவென்று. ஒரு துரும்பு ஒட்டவில்லை.

பெண்கள் குலவை போட்டார்கள். அந்தப் பெண் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமியார் செயினை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"ஏன் வே, இதைத்தான் இரும்புன்னு சொன்னீரா?"

நான் மிஷினைத் திருப்பித் தட்டைப் பார்த்தேன்.

"எம் மருமக தலப்பாடா அடிச்சுக்கிட்டா, தோண்டுங்கன்னு. உம்ம மிஷினுக்குக் காது கேக்காதோ?"

பலூன்காரன் ஒருவன், அவனுக்கும் எனக்கும் இடத்தகராறு உண்டு, "செவிட்டு மிஷின்!" என்று கத்தினான். கடற்கரையே சிரித்தது. அன்றைக்கு ஒட்டினதுதான் அந்தப் பட்டம்.

ரேடியோக் காலத்தில் இருந்து ஒருநாளும் என் காதை நான் சந்தேகப்பட்டதில்லை. பூவரச மரத்தடியில் வந்து உட்கார்ந்தேன். சோற்றுவாளியைத் திறக்கவே இல்லை. மிஷின்தான் கெட்டிருக்கவேண்டும் என்று திருப்புளியை எடுத்து அதன் மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன். இரண்டு திருகாணி வெளியே வந்துவிட்டது.

செல்லக்கனி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"மிஷின் கெடல. உங்க காதும் கெடல. பிரிச்சுப் போட்டுராதீங்க. ஒண்ணு காட்டுதேன், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். அப்போது எதையும் பண்ணியிருப்பேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஊக்கு. சேலைக்குக் குத்துகிற பெரிய ஊக்கு, ரவிக்கைக்குக் குத்துகிற சின்ன ஊக்கு, ஒரு கொத்து. தாலிக்குப் பக்கத்தில் செயினில் வரிசையாக மாட்டியிருந்திருக்கிறது. தண்ணீருக்குள் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றியிருக்கிறாள்.

"இரும்பு!" என்று கத்திவிட்டேன். "ஏட்டி, இரும்பு! நான் சொன்னேன்ல!"

"மெல்லப் பேசுங்க. கோமதி பாவம்..."

ஐயோ, பேரைச் சொல்லிவிட்டேன். போகட்டும், ஊரைச் சொல்லவில்லை.

செல்லக்கனி சொன்னாள், "பிள்ளைக்காரி. அவசரத்துக்கு ஊக்கு வேணும்னா எங்க போவா? கழுத்துலதான் மாட்டி வைப்பா. மாமியா கண்ணுல படாம ரவிக்கைக்குள்ள போட்டிருந்திருக்கா. இப்ப அந்தம்மா பாத்திருந்தா என்ன சொல்லும்? மகன் கால் ஒடிஞ்சதே இந்த இரும்பாலதான்னு சொல்லும். அது தலைமுறைக்கும் தீராத பேச்சு. அந்தப் பிள்ளை எப்படி எல்லார் முன்னாலயும் வாயைத் திறக்கும்?"

"தாலியில போயி யாராவது ஊக்கு மாட்டுவாளா?"

செல்லக்கனி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தன் செயினை வெளியே இழுத்துக் காட்டினாள். அதிலும் ஒரு கொத்து.

"இத்தனை வருஷமாப் பாக்கலியா?"

பார்த்ததில்லை சார். அதில் பார்க்க என்ன இருக்கிறது? என் சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டால் நின்ற இடத்திலேயே ஒரு ஊக்கு எடுத்துக் குத்திவிடுவாள். எங்கிருந்து எடுக்கிறாள் என்று நான் எதற்குக் கேட்கப்போகிறேன்? குத்தினால் போதாதா?

ஆனால் அதெல்லாம் அப்போது என் மண்டையில் இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் சொன்னது சரி! ஊக்கை அள்ளிக்கொண்டு ஓடினேன். "என்னங்க, சத்தியம்!" என்று பின்னால் அவள் கத்துவது கேட்டது. சத்தியம் வாயால் சொல்லமாட்டேன் என்றுதானே? நான் கையால் காட்டப் போகிறேன். வேன் இன்னும் கிளம்பவில்லை.

மாமியார் கதவுப் பக்கம் நின்றிருந்தார். "என்ன வே, மறந்து எதையும் விட்டுட்டோமா?"

"அம்மா, அந்த இடத்துல நான் என்ன சொன்னேன்?"

"இரும்புன்னு சொன்னீரு."

"எல்லாரும் கேட்டுக்கோங்க, அவங்களே சொல்லிட்டாங்க." கையை விரித்தேன். "இது என்ன?"

"ஊக்கு."

"இரும்புதானே?"

"இரும்புதான். அதுக்கென்ன?"

"இது எங்க கெடந்துதுன்னா..."

உள்ளே ஜன்னலோரம் கோமதி உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கிவிட்டது. என் கையைப் பார்த்தாள். செயினை ரவிக்கைக்குள் விட்டு மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டாள். அவள் புருஷன் படியில் ஏற முடியாமல் நின்றான். மாமியார் குனிந்து அந்த ஒடிந்த காலைத் தன் இரண்டு கையாலும் ஏந்தி, பச்சைப் பிள்ளையைத் தூக்குகிறமாதிரி படியில் எடுத்து வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எங்க கெடந்துது, சொல்லும்?"

வாயைத் திறந்ததும் காற்று மணலை உள்ளே வாரி அடித்துவிட்டது சார். வேறு ஒன்றும் இல்லை. "கடக்கரையிலதான்... கெடந்துது" என்றேன்.

அந்த அம்மா சிரித்தாரே ஒரு சிரிப்பு! "அடப்பாவி மனுசா! தங்கத்தை விட்டுட்டு ஊக்கைக் கண்டுபிடிச்சுட்டு ஓடியாந்திருக்கீரே!" வேனே அதிர்ந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரிக்கிறான்.

"சரி, ஒண்ணு குடும். காத்துல தலப்பு நிக்கமாட்டேங்குது" என்று பெரிய ஊக்காகப் பார்த்து ஒன்றை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டார். பிறகு ஜன்னலைப் பார்த்து, "ஏ கோமதி, நீயும் வாங்கிக்கோ. சும்மாதான குடுக்காரு. ரவிக்கையில குத்திக்கோ, தாலியில மாட்டிராத" என்றார்.

கோமதி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். மிச்சம் இருந்த அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். ஒன்றுகூட விடவில்லை. "வாரேன் அண்ணாச்சி" என்றாள். அவள் சிரித்து அன்றைக்கு அப்போதுதான் பார்த்தேன்.

வேன் போய்விட்டது. பின்னால் கயத்தாறு என்று எழுதியிருந்தது... சரி, ஊரும் போயிற்று. நீங்கள் கயத்தாறு இல்லையே? நல்லது.

யோசித்துப் பாருங்கள் சார். என் கையில் இருந்த ஒரே சாட்சி அந்த ஊக்குதான். அதுவும் வேன் ஏறிப் போய்விட்டது. திரும்பி வந்தேன். செல்லக்கனி மரத்தடியில் எழுந்து நின்றிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"எங்க சொல்லவிட்டாங்க?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கழற்றிய திருகாணி இரண்டையும் மணலில் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள். அன்று ராத்திரி குழம்பில் மீனின் நடுத்துண்டு எனக்கு வந்தது. எப்போதும் அது எங்கள் பெரிய மகனுக்குப் போகும். ஏன் மாற்றி வைத்தாள் என்று தெரியவில்லை. கைதவறியிருக்கும்.

நீங்களே சொல்லுங்கள். மிஷின் இரும்பு என்றது. நான் இரும்பு என்றேன். அங்கே இரும்பு இருந்தது. எங்கே சார் தப்பு? தங்கத்தோடு இரும்பைக் கோத்து வைத்தால் மிஷின் என்ன செய்யும், நான் என்ன செய்வேன்? இதை யாரும் கேட்கத் தயாராக இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு வேலை நிறைய வருகிறது. எனக்கு இல்லை, செல்லக்கனிக்கு! அவள் போனுக்குத்தான் வருகிறது. கயத்தாறு, கடம்பூர், கழுகுமலை, எங்கெங்கிருந்தோ பெண்கள். நான் எடுத்தால், "அக்கா இல்லையா? அக்காட்ட குடுங்க" என்கிறார்கள். அக்காவுக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும்? ஆன் பண்ணக்கூடத் தெரியாது. போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்விடுவாள். மெல்லிய குரலில் அரைமணி நேரம் பேசுவாள். வந்து, "நாளைக்குக் காலையில எட்டு மணி பஸ்" என்பாள். நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டும். கூட வருகிறாள், துணைக்கு. தனியாக இருந்தால் பொழுது போகவில்லையாம். நானும் சரி, வரட்டும் என்று விட்டுவிட்டேன். அதோ முன்னால், டிரைவருக்குப் பின் சீட்டில், பச்சைச் சேலை. ஆமாம், போனில் பேசிக்கொண்டிருக்கிறாளே, அவள்தான்.

இன்றைக்குத் தென்திருப்பேரையில் ஒரு வாழைத்தோட்டம். என்ன தொலைந்தது என்று ராத்திரியே கேட்டேன். "அது அந்தப் பிள்ளை சமாச்சாரம், உங்களுக்கு எதுக்கு? நீங்க சத்தம் வந்தா நில்லுங்க" என்றாள். எந்தச் சத்தம் என்று கேட்டேன். "எந்தச் சத்தமா இருந்தாலும் சரி" என்கிறாள். தொழில் தெரியாதவர்கள் இப்படித்தான். வாழைத்தோட்டத்தில் எத்தனை துருப்பிடித்த கம்பி கிடக்கும், எத்தனை உடைந்த அரிவாள் கிடக்கும்! இடுப்புக்குத் தைலம்கூடப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

எழுந்துவிட்டாள். நிறுத்தம் வருகிறது. கொஞ்சம் எழுந்து வழி விடுங்கள் சார், தட்டு இடிக்கப்போகிறது. மோதிரமா, மூக்குத்தியா? எனக்கு எப்படி சார் தெரியும்? தோண்டினால்தான் தெரியும்.